மூன்று அனாதைகள், ஒரு ஓலாஃப், வந்ததும் போய்விடுகிற மிஸ்டர் போ

நல்லபடியாக முடிகிற கதைதான் வேண்டும் என்றால் வேறு புத்தகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதல் வரியிலேயே வாசகரைத் துரத்தப் பார்க்கிற நாவல் இது. பின்னட்டையிலும் அதே பாட்டுதான். இந்தப் புத்தகம் படு மோசமாக இருக்கும், கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்று ஆசிரியரே கடிதம் எழுதி வைத்திருக்கிறார். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒன்றைத் தொடாதே என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

லெமனி ஸ்னிக்கெட் எழுதிய ‘தி பேட் பிகினிங்’ பற்றித்தான் சொல்கிறேன். 1999-இல் வந்தது, ‘எ சீரீஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்’ என்ற வரிசையில் முதல் புத்தகம். மொத்தம் 13 புத்தகங்கள், புத்தகத்துக்கு 13 அத்தியாயங்கள், கடைசிப் புத்தகம் வெளியானது 2006 அக்டோபர் 13, அதுவும் வெள்ளிக்கிழமை. ராசியில்லாத எண் என்று பேர் வாங்கிய 13-ஐ வைத்துக்கொண்டு மனுஷன் ஏழு வருஷம் விளையாடியிருக்கிறார். (கடைசிப் புத்தகத்தில் மட்டும் 14-ஆவதாக ஒரு குட்டி அத்தியாயம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது தனிக்கதை.) லெமனி ஸ்னிக்கெட் என்பது டேனியல் ஹேண்ட்லர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புனைபெயர். தன் முதல் நாவலுக்காகச் சில வலதுசாரி அமைப்புகளைத் தொடர்புகொண்டபோது சொந்தப் பெயரைக் கொடுக்க மனமில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னாராம், அந்தப் பொய்ப்பெயர்தான் இது. சும்மா அட்டைக்கு மட்டும் போட்டுக்கொண்டதும் இல்லை, ஸ்னிக்கெட் கதைக்குள்ளேயே ஓர் ஆள். இறந்துபோன பியாட்ரிஸ் என்ற பெண்ணுக்குப் புத்தகத்தைக் காணிக்கையாக்கிவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை எழுத வேண்டியது என் தலையெழுத்து என்று புலம்பிக்கொண்டே எழுதுகிறார். பாதிச் சிரிப்பு அந்தப் புலம்பலில்தான் இருக்கிறது.

சரி, கதை. வயலட் போதலேருக்கு 14 வயது. கையில் கிடைத்ததை வைத்து எதையாவது செய்துகொண்டே இருப்பவள். யோசிக்க ஆரம்பித்தால் முடி கண்ணில் விழாமல் ரிப்பனால் கட்டிக்கொள்வாள், ரிப்பன் ஏறிவிட்டது என்றால் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. தம்பி க்ளவுஸுக்கு 12, கண்ணாடி போட்ட புத்தகப் புழு, படித்தது எதையும் மறக்காதவன். கடைக்குட்டி சன்னி இன்னும் பேச்சு வராத குழந்தை. நாலே பல், நாலும் கத்தி, எதிரில் வந்ததைக் கடித்துப் பார்ப்பது அவள் பொழுதுபோக்கு. மூவரும் கடற்கரையில் இருக்கும்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து உயரத் தொப்பியும் ஓயாத இருமலுமாக ஒருவர் வருகிறார், வங்கியில் வேலை பார்க்கும் மிஸ்டர் போ. வீடு தீப்பிடித்து அம்மா அப்பா இருவரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்கிறார். நிறையச் சொத்து இருக்கிறது, ஆனால் வயலட்டுக்கு 18 ஆகும்வரை யாரும் அதைத் தொட முடியாது. சொந்தக்காரர் யாராவதுதான் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பது உயில். அப்படிப் போய்ச் சேர்கிற இடம்தான் கவுன்ட் ஓலாஃபின் வீடு. ஓலாஃப் ஒரு நாடகக்காரன், குளிப்பதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவன், இரண்டு புருவமும் ஒட்டி ஒரே கோடாக இருக்கும், கணுக்காலில் ஒரு கண்ணைப் பச்சை குத்தி வைத்திருக்கிறான். பிள்ளைகள் அவனுக்கு முக்கியமில்லை, சொத்துதான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். நானும் முதல் இரண்டு அத்தியாயம் வரைக்கும், இதைப் போய்ப் படுக்கப் போகிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா என்று தயங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஏற்பாடு இப்படி. புத்தகம் இங்கிலீஷ். பெரியவள் தானாகவே தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவாள், ஆனால் தம்பிக்கு ஆறு வயது, அவனுக்கு இந்த இங்கிலீஷ் எட்டாது. அதனால் சித்தி நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சுமார் 160 பக்கம், 13 அத்தியாயம், பத்து ராத்திரி. இப்படி வாயாலேயே மொழிபெயர்த்துப் பாருங்கள், ஒரு புத்தகம் எந்தத் திருகாணியில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் சிரிப்பு நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. “மிஸ்டர் போ” என்று நான் சொன்னதும் சின்னவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “போ-ன்னா? போகச் சொல்றாங்களா?” இல்லைடா, அதுதான் அவர் பேரே என்றேன். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம் வாசிப்பு நின்றுபோனது. எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளரை மனதில் வைத்து ஹேண்ட்லர் வைத்த பெயர் அது (மிஸ்டர் போவின் இரண்டு மகன்களுக்கும் எட்கர், ஆல்பர்ட் என்று பெயர்), போதலேர் என்ற குடும்பப் பெயரும் பிரெஞ்சுக் கவிஞரிடமிருந்து வந்ததுதான். இதெல்லாம் பெரியவர்கள் கண்டுபிடித்துத் தங்களுக்குள் தட்டிக்கொள்வதற்கு. ஆனால் தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரே கிடைக்காது. வருவார், இருமுவார், பிள்ளைகளை எங்காவது விடுவார், வங்கியில் வேலை கிடக்கிறது என்று போய்விடுவார். புத்தகம் முழுக்க அந்த மனிதர் செய்கிற ஒரே காரியம் போவதுதான்.

இன்னொரு இடம். ஓலாஃப் உங்களுக்கு என்ன உறவு என்று மிஸ்டர் போ விளக்குவார். மூன்றாவது கசினுக்கு நான்கு தலைமுறை தள்ளி, அல்லது நான்காவது கசினுக்கு மூன்று தலைமுறை தள்ளி என்று ஏதோ ஒரு கணக்கு. இங்கிலீஷில் இது தலைசுற்றும். நமக்கு ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட என்று சொல்லிப் பழகிய வாய், “மூணுவிட்ட நாலாவது பங்காளி, இல்லைன்னா நாலுவிட்ட மூணாவது பங்காளி” என்று தானாக வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் விஷயம்: உறவில் இவன் நெருங்கியவன் இல்லை, ஆனால் வீடு இருக்கிற தூரத்தில் இவன்தான் நெருங்கியவன். “நெருங்கிய சொந்தம்” என்று எழுதிக் கொடுத்தால் அளவுகோலை எடுத்துக்கொண்டு தெருவை அளக்கிற ஆள் மிஸ்டர் போ. பெரியவள் சிரிக்கவில்லை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, “இவர் நிஜமாவே பேங்க்ல வேலை பாக்குறாரா சித்தி?” என்று கேட்டாள்.

இந்த நாவலின் பெரிய வித்தை, எல்லாரும் சொல்வதுதான், நடுநடுவே ஒரு சொல்லை நிறுத்தி வைத்து அதற்கு அர்த்தம் சொல்வது. பதவுரை, பொழிப்புரை எல்லாம் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, ஆனால் இந்த உரையாசிரியர் கொஞ்சம் விஷமக்காரர். ஒரு சொல்லை எடுத்து, இந்தச் சொல்லுக்கு இந்த இடத்தில் இன்ன அர்த்தம் என்று அகராதியில் இல்லாத, அந்தப் பிள்ளைகளின் அன்றைய நிலைமைக்கு மட்டும் பொருந்துகிற அர்த்தத்தை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார். முதல் நாள் எனக்கு இது தொல்லையாக இருந்தது. வாக்கியத்தை ஓட்டிக்கொண்டு போகும்போது பிரேக் போடுகிற மாதிரி. மூன்றாவது நாள் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த அளவுக்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிக்கொண்டு போவாயா என்று சின்னவன் கேட்டு நான் “பார்க்கலாம்” என்று சொன்னபோது, பெரியவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, “‘பார்க்கலாம்’ என்றால் இங்கே ‘கிடையாது’ என்று அர்த்தம்” என்றாள். அன்றைக்கு ராத்திரி அக்காவின் “அப்புறம்”, அத்தானின் “அஞ்சு நிமிஷம்” எல்லாவற்றுக்கும் அர்த்தம் எழுதப்பட்டது. வீட்டில் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவருமுன் பெற்றோர் யோசிக்க வேண்டிய ஒரே ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கடற்கரையில் அந்தச் செய்தியைச் சொல்லும்போது மிஸ்டர் போ ‘இறந்துவிட்டார்கள்’ என்பதற்குக் கொஞ்சம் கனமான, புத்தகத்தனமான ஒரு சொல்லைப் போடுகிறார். பிள்ளைகள் பேச்சில்லாமல் நிற்கிறார்கள். அவர்களுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறார். க்ளவுஸ் எரிச்சலோடு, எங்களுக்கு அந்தச் சொல் தெரியும் என்கிறான். சொல் தெரிகிறது, சொன்ன விஷயம்தான் தலையில் ஏற மாட்டேன் என்கிறது. நான் “காலமாகிட்டாங்க, அப்படின்னா...” என்று மிஸ்டர் போ குரலில் ஆரம்பித்ததும் பெரியவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அவங்களுக்குத் தெரியும்.” க்ளவுஸ் சொல்லுமுன்னே சொல்லிவிட்டாள்.

அங்கேதான் எனக்கு இந்தப் புத்தகம் பிடிபட்டது. அம்மா அப்பா இல்லாத பிள்ளைகளின் கதை என்றால் நமக்கு ஒரு பழகிய பாதை இருக்கிறது: பிள்ளை அழும், நாம் அழுவோம், யாராவது ஒரு நல்லவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளையின் வேலை பாவமாக இருப்பது மட்டும்தான். இதில் பாவப்படுகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள், பாவப்பட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களும் அவர்களே. நகைச்சுவை முழுக்க அவர்கள் தலையில்தான் விழுகிறது. பிள்ளைகளைப் பார்த்து ஒரு இடத்திலும் சிரிக்க விடவில்லை. சன்னியின் மழலை மட்டும் விதிவிலக்கு. அதுகூட, அவள் ஒரு எழுத்து சொல்வாள், அதற்கு ஒரு முழு வாக்கியம் அர்த்தமாக வரும், பேசுகிறவள் தெளிவாகத்தான் இருக்கிறாள், புரியாதது நமக்குத்தான் என்கிற கணக்கில். நான் அவளுக்கு “ஙே!” என்று குரல் வைத்தேன், அமோக வரவேற்பு.

ஓலாஃப் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே கட்டில். விளையாடப் பொம்மைக்குப் பதில் ஒரு சின்னக் கற்குவியல். இந்தக் கற்குவியலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த கையோடு ஒரு மாதிரி ஆகியும் விட்டது. வயலட் உட்கார்ந்து அழவில்லை, ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றித் தங்கைக்கு மெத்தை ஆக்குகிறாள், தானும் க்ளவுஸும் கட்டிலில் முறைவைத்துப் படுத்துக்கொள்கிறார்கள். தைரியசாலிக் குழந்தைகள் என்றால் நெஞ்சை நிமிர்த்தி வசனம் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களின் தைரியம் இந்த மாதிரி வீட்டுவேலையாகத்தான் தெரிகிறது. விறகு வெட்டு, வராந்தாவுக்குப் பெயின்ட் அடி என்று ஓலாஃப் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவான், செய்வார்கள். நாடகக் கோஷ்டிக்கு ராத்திரிச் சாப்பாடு செய்து வை என்பான், பக்கத்து வீட்டு நீதிபதியம்மாவின் புத்தக அறையில் சமையல் புத்தகத்தைத் தேடியெடுத்து, அவரிடமே பாத்திரம் இரவல் வாங்கி, புட்டனெஸ்கா என்ற பாஸ்தாவைச் செய்து வைப்பார்கள். அவன் வந்து, வறுத்த மாட்டிறைச்சி எங்கே என்று கத்திவிட்டு க்ளவுஸை அறைவான். அந்த அடியில் நகைச்சுவை எதுவும் இல்லை, ஸ்னிக்கெட்டும் அங்கே விளையாடவில்லை. சின்னவன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

ஓலாஃப் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம், அனாதைகளே என்பான். இங்கிலீஷில் அது ஒரு விவரம் மாதிரி ஓடிவிடுகிறது, தமிழில் ‘அனாதை’ என்று ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது திட்டுவது மாதிரி. முதல் தடவை எனக்கு வாய் வரவில்லை, “பெற்றோர் இல்லாத பிள்ளைகளே” என்று மழுப்பினேன். “ஓலாஃப் அப்படியா மரியாதையா பேசுவான்?” என்று உடனே கேள்வி வந்தது. சரி என்று அடுத்த தடவை அப்படியே சொன்னேன். அப்போதுதான் அவன் எவ்வளவு கேவலமானவன் என்று எனக்கே சரியாக உறைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வங்கியில் நடப்பது. க்ளவுஸ் அடி வாங்கிய பிறகு மூவரும் விசாரித்து விசாரித்து நடந்து மிஸ்டர் போவின் அலுவலகத்துக்கே போகிறார்கள். அவர் மேஜையில் போன் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே கட்டில், ஓயாத வேலை, அடி என்று எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அவர் ஒரு லத்தீன் சட்டச் சொல்லை எடுத்துப் போட்டு, ஓலாஃப் இப்போது உங்களுக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கிறார், அவருக்குச் சரியென்று பட்டபடி வளர்க்கலாம் என்று விளக்கி, இருமி, அனுப்பிவிடுகிறார். கொடுமை அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் இப்படிச் சொன்னார்கள் என்று ஓலாஃபுக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறார், நல்ல எண்ணத்தில்தான். மறுநாள் காலையில் பிள்ளைகளின் ஓட்ஸ் கஞ்சியில் புது ராஸ்பெரிப் பழம் மிதக்கிறது. ஓலாஃப் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அந்தப் பழத்தைப் பார்த்து க்ளவுஸுக்கு வருகிற பயம் எனக்கும் வந்தது. புத்தகத்திலேயே மிரட்டலான காட்சி எது என்று கேட்டால் கோபுரத்தையோ கூண்டையோ சொல்ல மாட்டேன், அந்தக் காலைச் சாப்பாட்டைத்தான் சொல்வேன். பிள்ளைகள் ஏதாவது சொல்ல வரும்போது நாம் போனைப் பார்த்துக்கொண்டே ம், ம் என்பது ஞாபகம் வந்து, அன்றைக்கு வாசிப்பை அரை அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன் (தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன், நம்பினார்களா தெரியாது).

இனிமேல் முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன். படிக்கிற உத்தேசம் இருந்தால் அடுத்த மூன்று பத்தியையும் கட்டுரையின் கடைசிப் பகுதியையும் தாண்டிவிடுங்கள்.

ஓலாஃபின் திட்டம் ஒரு நாடகம். அதில் ஒரு கல்யாணக் காட்சி, மணப்பெண் வயலட், மாப்பிள்ளை அவன், கல்யாணம் செய்துவைக்கிற நீதிபதி வேடத்துக்கு பக்கத்து வீட்டு நிஜ நீதிபதி. மேடையேற வேண்டும் என்பது நீதிபதி ஸ்ட்ராஸுக்கு நெடுநாள் ஆசை, வேடம் கிடைத்த பூரிப்பில், தான் நிஜ நீதிபதி, அதனால் மேடையில் நடப்பதும் நிஜக் கல்யாணம் ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பொறியை க்ளவுஸ் கண்டுபிடித்துவிடுகிறான், அதற்கு ராத்திரி முழுக்க ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது (சட்டப் புத்தகம் எவ்வளவு அலுப்பானது என்று விவரிக்கிற பகுதி பிரமாதம்). ஆனால் அதற்குள் சன்னியைப் பறவைக்கூண்டில் அடைத்துக் கோபுர ஜன்னலிலிருந்து தொங்க விட்டுவிட்டார்கள். வயலட் ரிப்பனைக் கட்டிக்கொண்டு, திரைக்கம்பியை வளைத்து, துணியால் கயிறு செய்து, கொக்கி வீசி ஏறுகிறாள். அதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று யோசித்து “பாதாளக் கரண்டி” என்றேன், இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க விடுவார்களே அது என்று விளக்க வேண்டியதாயிற்று. இந்தக் கரண்டி மட்டும் மேல்நோக்கிப் போகிறது. மேலே போனால் அவள் கொக்கி ஜன்னலில் மாட்டவில்லை, கைக்குப் பதில் கொக்கி வைத்திருக்கிற ஓலாஃபின் அடியாளின் கொக்கியில் மாட்டியிருக்கிறது. அத்தியாயம் அங்கே முடிகிறது. நான் புத்தகத்தை மூடியபோது வீட்டில் நடந்த கலவரத்தை இங்கே எழுதவில்லை.

கடைசி முடிச்சு அவிழ்கிற விதம்தான் என்னை எழுந்து உட்கார வைத்தது. மணப்பெண் தன் கைப்பட ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். வயலட் இடது கையால் போட்டுவிடுகிறாள். அவள் வலதுகைக்காரி, ஆகவே இது ‘தன் கைப்பட’ ஆகாது, கல்யாணம் செல்லாது. இங்கிலீஷில் அந்தச் சொற்றொடரின் இரட்டை அர்த்தத்தை வைத்து ஆடுகிற ஆட்டம் இது, தமிழில் போச்சு என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பார்த்தால் ‘கைப்பட’ அப்படியே உட்காருகிறது, ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதைவிட நல்ல விஷயம், இதற்கான விதை முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கடற்கரையில் வயலட் தண்ணீரில் கல்லைத் தத்தவிட்டுக்கொண்டிருப்பாள், வலது கையால் எறிந்தால் தூரம் போகும், பெரும்பாலான பிள்ளைகள் மாதிரி அவளும் வலதுகைக்காரி என்று போகிற போக்கில் ஒரு வரி. யாரும் கண்டுகொள்ள மாட்டோம். எங்கள் பெரியவள் பீச்சாங்கைக்காரி. அவள் பக்கத்தைப் பின்னுக்குப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு, “நானா இருந்தா சோத்துக்கையில போட்டிருப்பேன்” என்றாள். அப்புறம் ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

சட்டப்படி இது நிற்குமா என்று வக்கீல்கள் யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். நிற்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இடது கையால் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே. ஆனால் ‘நெருங்கிய சொந்தம்’ என்றால் பக்கத்துத் தெருவில் இருப்பவன் என்று எடுத்துக்கொள்கிற உலகத்தில், இதே சொல்விளையாட்டால் பிள்ளைகள் தப்பிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் வைத்த ஆட்டவிதியை வைத்தே அவர்களை மடக்குவது.

குறைகளும் இருக்கின்றன. அர்த்தம் சொல்கிற வித்தை, சொன்னேனே, அது ஒரு அளவுக்கு மேல் பழக்கதோஷம் ஆகிவிடுகிறது. சில பக்கங்களில் தேவையே இல்லாத சொல்லுக்கும் நிற்கிறார், படித்துக் காட்டும்போது நானே இரண்டு மூன்றைத் தாண்டிவிட்டேன். ஓலாஃபின் அடியாட்களை அறிமுகம் செய்கிற விதம் எனக்கு உறுத்தியது. மொட்டைத் தலை நீள மூக்கு ஒருவன், முகம் முழுக்க வெள்ளைப் பவுடர் பூசிய இரண்டு பெண்கள், கொக்கிக் கை ஒருவன், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத பருத்த உடம்புக்காரர் ஒருவர். தோற்றத்தைக் காட்டியே பயமுறுத்துவது சுலபமான வழி. இவ்வளவு கெட்டிக்கார எழுத்தாளர் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி ஆள் வரும்போது “ஏன், அப்படி இருந்தா என்ன?” என்று சின்னவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, புத்தகத்திடமும் இல்லை.

கல்யாண விவகாரம் சில வீடுகளில் சங்கடமாக இருக்கலாம். 14 வயதுப் பெண்ணை ஒரு வளர்ந்த மனிதன் கட்டிக்கொள்ளத் திட்டம் போடுவது, சொத்துக்காகத்தான் என்றாலும், சாதாரண விஷயம் இல்லை. புத்தகம் அதைக் கேவலம் என்றே காட்டுகிறது, எந்த இடத்திலும் பூசி மெழுகவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து படித்தால் நல்லது, கேள்வி வரும். எங்கள் வீட்டில் வந்தது, பதில் சொன்னோம், அது நல்ல பேச்சாகவே அமைந்தது. தானாகப் படிக்க ஒன்பது பத்து வயது சரியாக இருக்கும். ஆறு வயதுக்காரனுக்கு நான் படித்துக் காட்டியது கொஞ்சம் அவசரம்தான், அவனுக்கு இருட்டில் பாத்ரூம் போக மூன்று நாள் துணை வேண்டியிருந்தது.

பிரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த படங்கள் நன்றாக இருக்கின்றன, கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் கோணலாக. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் படத்திலும் அடுத்த கதைக்கு ஒரு துப்பு ஒளிந்திருக்கும் என்று சொன்னதிலிருந்து அந்தப் பக்கம் கைரேகையால் நிறைந்து கிடக்கிறது. முதல் மூன்று புத்தகங்களைச் சேர்த்து 2004-இல் ஜிம் கேரி நடித்த படம் வந்தது, 2017 முதல் 2019 வரை நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்தது, அதில் நீல் பேட்ரிக் ஹாரிஸ்தான் ஓலாஃப். தொடர் நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் புத்தகத்தை முதலில் முடித்துவிடுங்கள். அந்தப் புலம்பல் குரலை முதலில் நம் தலைக்குள் கேட்க வேண்டும், நடிகரின் குரல் அப்புறம் வரட்டும். வாங்கினால் வரிசையாக வாங்குங்கள், நடுவிலிருந்து எடுத்தால் யார் எதற்காக ஓடுகிறார்கள் என்றே புரியாது.

பத்தாவது ராத்திரி கடைசி அத்தியாயம். விளக்கு அணைகிறது, ஓலாஃப் இருட்டில் தப்பிவிடுகிறான். நீதிபதி ஸ்ட்ராஸ் நான் இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறேனே என்கிறார். பெரிய புத்தக அறை, அன்பான மனுஷி, பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை. சொந்தக்காரர்தான் வளர்க்க வேண்டும் என்று உயிலில் இருக்கிறது, முடியாது என்று மிஸ்டர் போ சொல்லி, இருமி, மூவரையும் காரில் ஏற்றிக்கொள்கிறார். பின்கண்ணாடி வழியாகக் கையசைத்துக்கொண்டே போகிறார்கள், நீதிபதியம்மா சின்னப் புள்ளியாகிக் கொண்டே வருகிறார்.

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்தக்கூடாதா அவரு?”

தூங்கிவிட்டான் என்று நாங்கள் நினைத்திருந்த சின்னவன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: “எப்படி நிறுத்துவாரு? அவர் பேரே போ.”